பன்னிரண்டு மணிக்கு நிர்மலன்

எங்கள் அலுவலகத்தில் குற்றவாளிக்குத் தண்டனை கேக். நோர்வேயின் பேர்கன் நகரத்துக்கு வந்த புதிதில் இதை யாரோ பகிடிக்குச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். யாருடைய பிழையால் வலையமைப்பு நிற்கிறதோ அவர் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் கேக் சுட்டுக்கொண்டு வரவேண்டும். யார் பிழை என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. லாக்கைத் திறப்பார்கள். இயந்திரம் தனக்கு நடந்ததையெல்லாம் நேரம் போட்டு, செய்தவரின் பெயர் போட்டு, வரிவரியாக எழுதிவைக்கும் கோப்பு அது. பெயர் அகப்பட்டதும் கைதட்டிச் சிரிப்பார்கள். அகப்பட்டவரும் சேர்ந்து சிரிப்பார். லாக்கில் பெயர் அகப்பட்ட மனிதன் சிரித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. முதல் தடவை நான் கழிப்பறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நெடுநேரம் உள்ளே இருந்தேன்.

போன கிழமை ஒரு படகுத்துறையின் டிக்கெட் கணினிகள் காலையிலேயே நின்றுபோயின. எங்கள் தலைவன் ஹோகன் லாக்கைத் திறந்து, "நிர்மலன்" என்று எழுத்துக்கூட்டி வாசித்தான். காப்புப்பிரதி எடுக்கும் நிரல் அந்தப் பெயரில்தான் ஓடுகிறது. வட்டு நிறைந்து, நிரல் பாதியில் சிக்கிக்கொண்டது. இவன் எந்த மாடியில் இருக்கிறான், இத்தனை வருடத்தில் ஒரு கேக்கும் கொண்டுவரவில்லையே என்று ஹோகன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிக்காமல் இன்னொன்று சொன்னான். பயனர் பெயர்களைச் சுத்தம் செய்யும் காலம் வருகிறது, ஊழியர் பட்டியலில் இல்லாத பெயர்களைத் திங்கட்கிழமை அழித்துவிட வேண்டும், நிர்மலன் என்று ஒருவரும் பட்டியலில் இல்லை. அழிக்கும் வேலை என்னுடையது.

அந்தப் பெயருக்கு ஒரு ஆள் இருந்தான். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பனி. லொட்ஜுகளுக்கும் வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுக்கும் கொமியூனிகேஷன் கடைகளுக்கும் இன்டர்நெட் கொடுத்தோம். நிர்மலன் கொட்டாஞ்சேனைப் பெடியன், ஸ்டெல்லாவைக் கலியாணம் கட்டி ஒரு வருடம் ஆகவில்லை, வாய் ஓயாது. எங்கள் ரூட்டர்களுக்கு நினைவகம் கொஞ்சம். லாக் சேரச் சேரத் திணறி நின்றுவிடும். நாங்கள் முறைபோட்டு ஒவ்வொன்றாகத் திறந்து துடைப்போம். அந்த ரூட்டர் மென்பொருளுக்கு ஏபிஐ என்றொரு வாசல் இருந்தது. மனிதர் திரைக்கு முன்னால் குந்தியிருந்து தட்டத் தேவையில்லை, அந்த வாசலால் இன்னொரு நிரல் உள்ளே போய் வேலை வாங்கலாம். நிர்மலன் அதைப் பிடித்துக்கொண்டான். அவனுடைய நிரல் தினமும் மதியம் பன்னிரண்டு மணிக்கு எல்லா ரூட்டர்களிலும் நுழைந்து, லாக்கைப் படியெடுத்து, கொட்டாஞ்சேனைக் கிளைக்கு அனுப்பிவிட்டு, பிறகு ரூட்டரில் இருப்பதை அழிக்கும். நுழைய ஒரு பெயர் வேண்டும். மெஷினுக்கென்று தனியாக ஒரு பெயர் வை என்று சொன்னேன். "நான் பெத்தது அக்கா, என்ட பேரிலயே ஓடட்டும்" என்றான். அதற்குப் பிறகு நாங்கள் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும் நேரத்தில் எல்லா ரூட்டரிலும் ஒரே வரி விழும்: லாக் அழிக்கப்பட்டது, அழித்தவர் நிர்மலன்.

சமாதானம் என்று சொன்னதெல்லாம் கிழிந்து, ஆட்களைக் கடத்தும் வெள்ளை வான்கள் ஓடத் தொடங்கியிருந்த காலம். ஒருநாள் பன்னிரண்டுக்குச் சற்று முன் எங்கள் கட்டடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பஸ் வெடித்தது. கண்ணாடி யன்னல்கள் உள்ளே வந்து விழுந்தன. கீழே இறங்கி ஓடியபோது புடவைக்கடை வாசலில் சரிந்துகிடந்த பொம்மைகளுக்கு நடுவே வளையல் போட்ட ஒரு கை கிடந்தது. பொம்மையின் கை என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. நாங்கள் எல்லோரும் தெருவில் கத்திக்கொண்டு நின்றபோது மேலே நிரல் பன்னிரண்டு மணிக்குத் தன் வேலையை வழமைபோலச் செய்தது.

மூன்றாம் நாள் பொலிஸார் வந்தார்கள். சந்தேக நபர் ஒருவர் தங்கியிருந்த லொட்ஜின் ரூட்டரைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். குண்டு வெடித்த கையோடு லாக் துடைக்கப்பட்டிருந்தது, கீழே பெயரும் இருந்தது. ஏன் அழித்தாய் என்று அவர்களுக்குப் பெரியவர் சிங்களத்தில் கேட்டார். நான் அழிக்கவில்லை, மெஷின் அழித்தது என்று நிர்மலன் சிங்களத்திலேயே பதில் சொன்னான். மெஷினுக்கு உன் பெயரா என்று கேட்டு, மேசையில் கிடந்த நெட்வேர்க் கேபிளை எடுத்து நாலாக முறுக்கினார். முதல் அடி காதோடு விழுந்தது. அவன் விளக்கம் சொல்லச் சொல்ல அடித்தார். இரண்டு பேர் தலைமயிரைப் பிடித்து இரும்பு ராக்கில் முகத்தை மோதினார்கள். பல் ஒன்று என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. நாங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும் என்று உத்தரவு, எனினும் கேட்டது. படியால் இழுத்துக்கொண்டு போகும்போது, "அக்கா, கொட்டாஞ்சேனையில லாக் கொப்பி இருக்கு. அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ" என்றான்.

நானும் ஸ்டெல்லாவும் கொட்டாஞ்சேனைக் கிளைக்குப் போய், பல மாதத்து லாக்குகளை இரண்டு வட்டுகளில் படியெடுத்தோம். ஒன்று போதும் என்றேன். ஒரு கொப்பியை மட்டும் வைத்துக்கொண்டு காப்புப்பிரதி என்று சொல்லக்கூடாதாம், தன் கணவர் சொல்வார் என்று ஸ்டெல்லா மற்றதைத் தன் கைப்பையில் போட்டாள். பஸ்ஸில் அவள் முன்னுக்கு, நான் பின்னுக்கு, தெரியாதவர்கள் போல இருந்தோம். கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் என் பையிலிருந்து வயரோடு வட்டு வெளியே வந்ததும் ஆமிக்காரன் துள்ளிப் பின்வாங்கினான். துவக்குப் பிடியால் என் தோளில் இடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கொதிக்கிற தாரில் கன்னத்தை வைத்துப் படுக்கச் சொன்னார்கள். வட்டைத் தெருவில் வைத்து இடித்து நொறுக்கினார்கள். அந்த அமளியில் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் புறப்பட்டது. யன்னலோரம் ஸ்டெல்லா பையை மடியில் வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டு போனாள்.

எங்கள் கம்பனி முதலாளி சிங்களவர், நல்ல மனிதர். அவர் வந்து என்னை மீட்டு, தோளில் துணியால் கட்டுப்போட்டபடியே பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். ஸ்டெல்லா அங்கே காத்திருந்தாள். முதலாளி வட்டைக் கணினியில் பூட்டிக் காட்டினார். ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு மணிக்கு அதே வரி. குண்டு வெடித்த நாளின் லாக்கும் ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தது. அந்தப் பெரியவர் பொறுமையாகப் பார்த்தார். கேபிள் அறுத்த விரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார். நல்ல ஒழுங்கு, இவன் எதையும் ஒளிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். எப்போது வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஸ்டெல்லா கேட்டாள். அவர் நிலையத்தின் பதிவுப் புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பினார். அதில் நிர்மலன் இல்லை. அப்படி ஒருவரை நாங்கள் கொண்டுவரவேயில்லை என்றார்.

அதற்குப் பிறகு அவனை ஒருவரும் காணவில்லை. இன்றைக்கும் அந்தப் பெரியவரின் விரல்களை உடைக்கவேண்டும் போல எனக்கு இருக்கிறது. மன்னிப்பைப் பற்றி இங்கே நோர்வேயில் கருத்தரங்கு வைப்பார்கள். போயிருந்து கோப்பி குடித்துவிட்டு வருவேன்.

நிரலை நிறுத்த எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஸ்டெல்லா பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன் படியேறி வருவாள். திரையில் வரி விழும். அவனுடைய பெயரைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துப் போய்விடுவாள். உயிரோடிருப்பதாக அவள் நம்பினாளா என்று நான் கேட்கவில்லை. கம்பனி மூடப்பட்டது, நான் இங்கே வந்தேன். இங்கே முதன்முதலாகக் காப்புப்பிரதி நிரல் எழுதச் சொன்னபோது, என்ன பெயரில் ஓடவேண்டும் என்று ஏபிஐ கேட்டது. நிர்மலன் என்று தட்டினேன். கொழும்பில் மதியம் பன்னிரண்டு ஆகும் நேரத்தை வைத்தேன். அன்றிலிருந்து அவன் பெயர் விழும் வரியைத் தினமும் ஸ்டெல்லாவுக்கு அனுப்புகிறேன். வட்டு நிறைந்த அன்று வரி போகவில்லை, அவள் பதறிப்போய்த் தொலைபேசி எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ரவையும் கஜுவும் போட்டு லவ் கேக் சுட்டுக்கொண்டு போனேன். நிர்மலனுக்குப் பதிலாக நான் என்றேன். ஹோகன் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, பட்டியலைத் திறந்து, அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டான். தெரியாது, கடைசியாகக் கொழும்பில் என்றேன். எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் அதற்குமேல் சொல்ல முடியவில்லை. ஓ, ரிமோட்டா என்று தலையாட்டிவிட்டு, பட்டியலில் நிர்மலன், கொழும்பு என்று சேர்த்தான். பிறந்து வளர்ந்த ஊரின் புத்தகத்தில் இல்லாதவன், கால் வைக்காத நாட்டின் பட்டியலில் இப்போது இருக்கிறான். நான் திருத்தவில்லை.

திங்கட்கிழமை நான் எதையும் அழிக்கவில்லை. திரைக்கு முன்னால் தொலைபேசியைக் காதில் வைத்தபடி இருந்தேன். மறுமுனையில் ஸ்டெல்லா இருந்தாள். அவளுக்குப் பின்னால் கொட்டாஞ்சேனைத் தேவாலய மணி அடிக்கத் தொடங்கியது. எனக்கு யன்னலுக்கு வெளியே இன்னும் விடியாத பேர்கனில் மழை பெய்துகொண்டிருந்தது. வரி விழுந்தது.

"வந்திட்டான்" என்றேன்.

"ஓம்" என்றாள். "இனி வட்டை நிறைய விடாதேங்கோ அக்கா."