பெட்டியைத் திறக்கிறவருக்காக

தபால் நிலையத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கும் வேலையில் முப்பது வருஷமாக இருப்பவர் அவர். மழையில் பாதி விலாசம் அழிந்துபோன உறையைக்கூடச் சரியான வாசலில் சேர்த்துவிடுவார் என்பதால் எல்லாருக்கும் முகவரி அண்ணன். ஊரார் கையெழுத்தைக் கரைத்துக் குடித்தவர். அப்படிப்பட்டவரிடம் போய்ச் சபையார் ஜெபப் பெட்டியின் சாவியைக் கொடுத்தார்கள் பாருங்கள், அதுதான் வினை.

ஆலயக் கதவருகே ஒரு மரப்பெட்டி. மனசில் பாரம் உள்ளவர்கள் பெயர் போடாமல் சீட்டு எழுதிப் போடலாம். எழுதியது யாரென்று போதகருக்கும் தெரியக்கூடாது. அதனால் சனிக்கிழமை மதியம் அண்ணன் எல்லாவற்றையும் தன் கையெழுத்தில் ஒரே தாளில் எழுதிவிட்டு, சீட்டுகளை அடுப்பில் போட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போதகர் தாளை வாசிப்பார், சபை ஜெபிக்கும்.

ஆலயத்தின் பின்னறையில் மதிய வெயில் உயரமான ஜன்னல் வழியே இறங்கும். அதில் தூசி மெல்ல மிதக்கும். சீட்டுகளைப் பரப்பியதும் அண்ணனுக்கு அரைத்தூக்கம் மாதிரி ஏதோ கவியும். எழுத்துகளிலிருந்து ஆட்கள் எழுந்து வருவார்கள். சாய்ந்த எழுத்து நர்ஸம்மாவாகி நாற்காலியில் உட்காரும். குண்டு எழுத்து கணக்கு வாத்தியாராகிச் சுவரோரம் நிற்கும். யாரும் பேசமாட்டார்கள். இவர் மட்டும் ஒவ்வொருவராக எடைபோடுவார். வெளியே ஒரு வார்த்தை விட்டதில்லை, அந்த மட்டுக்கும் நல்லவர். ஆனால் உள்ளுக்குள் தீர்ப்பு எழுதாத சனிக்கிழமை கிடையாது.

ஒரு சீட்டின் ஓரம் மட்டும் கத்தரியால் நேராக வெட்டியிருக்கும். தையல்காரருடையது. ‘இந்தக் குடியை நான் விடணும், ஜெபியுங்க.’ மூன்று வருஷமாக வாராவாரம் இதே வரி. ஒரு சனிக்கிழமை அண்ணனின் பேனா நின்றது. குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு, கடவுளுக்கும் அலுக்காதா என்று நினைத்தவர், அதை எழுதாமலே அடுப்பில் போட்டார். சபையின் நேரத்தை மிச்சம் பிடித்ததாக ஒரு திருப்தி வேறு. இப்படியே எட்டு வாரம் போனது.

கடைசி பெஞ்சில் தையல்காரர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அண்ணனுக்குத் தெரியாது. நூறு பேர் தனக்காக ஆமென் சொல்லும் அந்த நொடியைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனுஷன் திங்களையும் செவ்வாயையும் குடிக்காமல் தாண்டிவந்தார். இப்போது அதுவும் போய்விட்டது.

ஒன்பதாவது சனிக்கிழமை வந்த சீட்டிலும் ஓரம் நேராகத்தான் இருந்தது. வரி மட்டும் வேறு.

‘பெட்டியைத் திறக்கிறவருக்காக ஜெபியுங்க. என் சீட்டை அவர் எழுதறதில்ல. கோபம் இல்ல. அவருக்கு என்ன கஷ்டமோ.’

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல அண்ணன் உட்கார்ந்திருந்தார். நர்ஸம்மாவும் வாத்தியாரும் வெயிலுக்குள்ளிருந்து அவரையே பார்த்தார்கள். எரித்துவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. எழுதினால் சபை மொத்தத்துக்கும் தெரியும், பெட்டியைத் திறப்பவர் யாரென்று அறியாதவர் அங்கே இல்லை. வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறும்வரை சீட்டைக் கையில் வைத்திருந்தார். பிறகு பேனாவைத் திறந்து, ஓர் எழுத்தும் மாற்றாமல், தாளின் முதல் வரியாக அதை எழுதினார்.

ஞாயிறன்று போதகர் வாசித்தார், பாதியில் குரல் தடுக்கியது. ஒரு தலையும் அண்ணன் பக்கம் திரும்பவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கமுடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். சபை ஜெபித்தது. முடிவில் எழுந்த ஆமென் எங்கிருந்தோ தண்ணீர் வருவதுபோல மெல்ல வந்து அவரைச் சூழ்ந்தது. அதில் கடைசி பெஞ்சின் கரகரத்த குரலும் இருந்தது.

வாசலில் தையல்காரர் குடையை விரித்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, எட்டு வாரமா உன் சீட்ட எரிச்சது நான்தான்.”

“தெரியும்ணே.”

“என்ன எழுதணும்னு நீயே சொல்லு.”

நேற்றைய சாராய வாடை இன்னும் தையல்காரர் வாயில் இருந்தது. முன்பென்றால் அண்ணன் ஓரடி பின்னால் போயிருப்பார். இன்று அங்கேயே நின்றார்.

“அதேதாண்ணே. இன்னும் விடலயே.”

அண்ணன் ஒரு தாளைச் சுவரில் வைத்து அந்த வரியை எழுதினார். பேனாவை மூடவில்லை.

“கீழ எனக்கும் ஒரு வரி போட்டுக்கறேன் தம்பி. என்னோடதும் ஒரு வாரத்துல தீராது.”