சிவப்புத் துணி கட்டிய கொடி

அந்தக் கொடியை நான் முதலில் பார்த்தபோது அது காய்ந்து கிடந்தது. தை மாதக் கடைசி. வடக்குப்பட்டுக்கும் சேரப்பணஞ்சேரிக்கும் நடுவே இருக்கிற காப்புக்காட்டில், ஒரு காரைப் புதரின் மேல் பழைய சணல் நூல் சிக்கிக்கொண்டதுபோல் இருந்தது. இழுத்து எறியப் போனவன், அதன் நுனியில் ஆட்டுக்கொம்பு மாதிரி இரண்டு மெல்லிய காய்கள் ஜோடியாக நிற்பதைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டேன். ஒரு காய் வெடித்திருந்தது. உள்ளே பட்டுமயிர் வைத்த விதை ஒன்றே ஒன்று மிச்சம். நான் மூச்சு விட்டதற்கே அது பறந்துவிட்டது.

காடு என்று சொன்னால் எங்கள் ஊரிலேயே சிரிப்பார்கள். முள்ளும் சரளைக்கல்லும் ஒரு சரிவும், அவ்வளவுதான். மூன்று பக்கமும் கம்பெனிச் சுவர். உள்ளே நின்றால் ஷிப்டு மாறுகிற சங்கு கேட்கும், ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரகடம் போகிற பஸ்களின் கூரை புதர்களுக்கு மேலே நகர்ந்து போகும். அரசாங்கக் காடு என்கிற ஒரே காரணத்தால் யாரும் வாங்கவும் விற்கவும் முடியாமல் தப்பிய இடம். அங்கே அரிதான செடிகளைத் தேடி, எழுதி, அவை இருக்கும் இடத்தைக் காப்பாற்ற வழி சொல்வது என் வேலை. ஒப்பந்த வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீட்டிப்பார்கள்.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. நான் எம்.எஸ்ஸி. முடித்ததும் ஏதாவது ஒரு கம்பெனியில் ‘ஸ்டாஃப்’ ஆகிவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருந்தவர். டீக்கடையில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் இப்படித்தான் சொல்வார்:

“நான் கேட்டுக்கு வாட்ச்மேனு, எம்புள்ள செடிக்கு வாட்ச்மேனு. எனக்காவது தொப்பி குட்த்துகிறாங்க. படிச்சவனுக்கு அதுவும் இல்ல.”

கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். டீக்குக் காசு அவர்தான் கொடுப்பார்.

அந்தக் காயைப் பழைய நோட்டின் நடுவே வைத்து, உலர்ந்த செடிகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஹெர்பேரியத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த மேடம் லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“காயை வெச்சு எந்த வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிடலாம் தம்பி. செரோபீஜியா. ஆனா அந்த வீட்ல எந்தப் பிள்ளைன்னு பூ வந்தாதான் தெரியும்.”

அந்த வகையில் நான்கு இனங்களுக்கு வாய்ப்பு இருக்கிறதென்றும், அவற்றில் ஒன்றை இந்த மாவட்டத்தில் யாரும் பார்த்து வெகுகாலம் ஆகிறதென்றும் சொன்னார். அதுவாக இருந்தால் எழுத்தில் கொடுக்கலாம். எழுத்தில் கொடுத்தால் அந்தச் சரிவில் மரக்கன்று நடும் திட்டத்தை நிறுத்தச் சொல்லலாம். எல்லாம் ஒரு பூவில் இருந்தது. அன்று பஸ்ஸில் திரும்பும்போதே, பார்க்காத பூவை நினைத்து எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கல்யாணம் பேசி முடித்த பெண்ணின் போட்டோ கூட கைக்கு வராதவன் மாதிரி இருந்தேன்.

அந்த ஐப்பசியில் மழை பெய்தது. கொடி தலைகாட்டியது, தடித்த சின்ன இலைகள் விட்டது, காரைப் புதரைப் பிடித்துக்கொண்டு ஏறியது. தேடித் தேடி மொத்தம் பதினோரு கொடிகள் கண்டுபிடித்தேன். தினமும் போனேன். ஒன்றுகூட மொட்டு வைக்கவில்லை. மார்கழிப் பனியில் எல்லாம் மறுபடி சணல் நூலாகிவிட்டன. கிழங்கு மட்டும் மண்ணுக்குள் அடுத்த மழைக்குப் படுத்திருக்கும்.

கோடையில் கன்று நடக் குழி எடுக்கிற வேலை அந்தச் சரிவுக்கு வந்துவிட்டது. ரேஞ்சரிடம் போய் நின்றேன். கெட்ட மனிதர் இல்லை. “பேரே இல்லாத செடிக்காக நான் மேல என்னன்னு எழுதுறது தம்பி? அடையாளம் கட்டிவிடுங்க. ஆளுங்ககிட்ட சொல்லிடச் சொல்றேன்” என்றார்.

எந்த நிறத்தில் கட்டுவது என்று நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. அழியப்போகிற செடிகளின் பட்டியலுக்குப் படிப்பிலேயே சிவப்புப் பட்டியல் என்றுதான் பெயர். எனக்குச் சிவப்பு என்றால் அருமையானது, தொடக் கூடாதது. அப்பாவிடம் கேட்டேன். கேட்டில் கயிற்றோடு சேர்த்துக் கட்டுகிற சிவப்புத் துணிச்சுருள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். “நல்ல துணிடா, வெயில்ல கூட வெளுக்காது.” கிழங்கு இருக்கும் பதினோரு இடத்திலும், மேலே இருந்த காய்ந்த தண்டோடு சேர்த்து, அழகாக முடிச்சுப் போட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் புதரெல்லாம் பூத்த மாதிரி இருந்தது.

வனக்காப்பாளர் அண்ணன் வேலையாட்களிடம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: “செவப்பு கட்னத பாத்து பண்ணுங்கம்மா.”

அன்று எனக்கு ஆபீசில் அறிக்கை கொடுக்கிற வேலை. மதியம் காட்டுக்கு வந்தபோது சரிவின் கீழே பத்துப் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரியாக இருந்த அக்கா என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். முகமெல்லாம் பெருமை.

“ஒண்ணு வுடல சார். வேரோட எட்த்தாச்சு. எண்ணிக்கோ, பதினொண்ணு.”

மண்வெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு குவியல். காய்ந்த தண்டு, சிவப்புத் துணி, நடுவே எலுமிச்சை அளவு கிழங்குகள். வெயில் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னா சார், இன்னா ஆச்சு? தப்பா?”

“இதுங்களதான்க்கா விடச் சொன்னேன்.”

“வுடவா?” அக்கா மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். “அய்ய, இன்னா சார் இது! நாங்கல்லாம் நாலு வருசம் கம்பெனில ஹவுஸ்கீப்பிங் பாத்தவங்க. அங்க ரெட் டேக் போட்டா ஸ்கிராப்பு. கேள்வியே கேக்க மாட்டோம், தூக்கினு போயிக்கினே இருப்போம். ஃபாரஸ்ட் கார்டும் செவப்ப பாத்து பண்ணுன்னாரு. பாத்து சுத்தமா பண்ணோம்.”

“ஓகே ஆன மாலுக்குப் பச்சதானே கட்டுவாங்க?” என்றாள் உட்கார்ந்திருந்த ஒருத்தி. “செடிக்குப் போயி எவனாவது செவப்பு கட்டுவானா?”

“ஏய், கம்னு கெட. அவரே நொந்துபோய் கீறாரு.”

பச்சைக் காட்டில் பச்சைத் துணி கட்டினால் எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்தேன். அவர்கள் தெரிந்த வேலையைத் தெரிந்த மாதிரி செய்திருந்தார்கள். அவர்களுடைய சிவப்பு எதுவென்று நான்தான் விசாரிக்கவில்லை.

குவியலில் ஏழு கிழங்குதான் இருந்தது. எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, கொஞ்சம் தயங்கி, மடியை அவிழ்த்து மிச்சம் நான்கை எடுத்துக் கொடுத்தார். “புள்ளைங்க திங்கும்னு எட்த்து வெச்சேன். இனிப்பா இருக்கும் சார் இது.”

மூன்று கிழங்குகள் கடப்பாரை பட்டுப் பிளந்திருந்தன. மிச்சம் எட்டையும் அப்போதே நடவேண்டும். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா கேட்டார்: “இதுல தல எது, கால் எது?”

எனக்குத் தெரியவில்லை. தண்டு ஒடிந்துபோன கிழங்கில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. ஐந்து வருடப் படிப்பும் என் உள்ளங்கையில் உருண்டுகொண்டிருந்தது. அக்கா அதை வாங்கி, கட்டைவிரலால் மண்ணைத் துடைத்து, சின்னக் குழி மாதிரி இருந்த ஓர் இடத்தைக் காட்டினார். “தொப்புள் கீது பாரு. இது மேல.” எந்தக் கிழங்கு எந்தப் புதரின் கீழே இருந்தது என்பதும் அவருக்கு நினைவிருந்தது. எட்டையும் நட்டோம். தூக்கில் மிச்சமிருந்த குடிநீரை ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினார்கள். மறுநாள் அவர் பழைய ஹவுஸ்கீப்பிங் யூனிபாரத்தைக் கிழித்து, பச்சைத் துண்டுகளாகக் கொண்டுவந்து எட்டு இடத்திலும் கட்டினார். சின்ன மஞ்சள் எழுத்தில் கம்பெனிப் பெயரின் பாதி ஒரு துண்டில் இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

“கேட்ல செவப்புன்னா நில்லுன்னு அர்த்தம்டா. அத நெனச்சிதான் குட்த்தேன்.”

“உள்ள வேற அர்த்தமாம் நைனா.”

“உள்ள இன்னான்னு எனக்கு எப்பிட்றா தெரியும்?” என்றார். “ஆறு வருசமா கேட்டோட சரி. உள்ள வுட்டாங்களா என்ன?”

அதற்கப்புறம் டீக்கடையில் என்னைப் பற்றிச் சொல்வதை நிறுத்திக்கொண்டார். கொடியைப் பற்றி மட்டும் அவ்வப்போது கேட்பார். “மொளச்சிதா?”

மழைக்கு முன் அவ்வளவு நாள் வானத்தைப் பார்த்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு வருடம்தான். மழை வந்தது. எட்டில் மூன்று முளைத்தன. கார்த்திகை பிறந்து நாலாம் நாள், காரைப் புதரில் ஏறிய கொடியின் இலைக்கக்கத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு மொட்டு. ஒன்றே ஒன்று. அரிசி அளவானது. பிறகு நெல் அளவானது. அதன் எதிரே கல்லில் உட்கார்ந்து சாப்பிடுவேன், எழுதுவேன், சும்மாவும் இருப்பேன்.

ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அதே வாரம் மேற்கு மலைப்பக்கம் வேறொரு திட்டத்தில் மூன்று வருட வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். சனிக்கிழமை மாலை வரை மொட்டு மூடியே இருந்தது. இரண்டு நாள் தள்ளிக் கேட்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். “மூணு வருச வேலடா” என்றார். அக்காவிடம் என் நம்பரைக் கொடுத்து, பூத்தால் மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லிவிட்டு ஞாயிறு பஸ் ஏறினேன்.

செவ்வாய்க்கிழமை மிஸ்டு கால் வந்தது. மலையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்; நன்றாகக் கிடைக்கிற ஒரு பாறைக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டேன்.

“தொறந்துகிச்சு சார். பறிச்சு வெக்கட்டா?”

‘சரி’ என்று வாய் வரை வந்தது. ஆனால் இருப்பது ஒரு பூ. பறித்தால் காய் இல்லை, விதை இல்லை. “வேணாம்க்கா” என்றேன். அப்பாவுக்குப் போன் செய்து, போட்டோ எடுத்து வைக்கச் சொன்னேன். ட்யூட்டி முடிந்து யூனிபாரத்தோடே காட்டுக்குள் போயிருக்கிறார்.

அப்பாவுக்குப் போனில் படம் அனுப்பத் தெரியாது; அந்தப் போட்டோவை நான் பொங்கலுக்கு வந்தபோதுதான் பார்த்தேன். அப்பாவின் கேட் வேலையில் ஒன்று, கம்பெனிக்குள் யாரும் படம் எடுக்காமலிருக்க, உள்ளே போகிறவர்களின் போன் கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டுவது. ஊருக்கெல்லாம் ஒட்டுகிறவர் தன் போனிலும் முதலில் ஒட்டிக்கொள்வார். பூவுக்காக அதை உரித்திருக்கிறார், பசை போகவில்லை. படத்தில் வெள்ளைப் புகைக்கு நடுவே விரல் நுனி அளவுக்கு ஏதோ ஒன்று நின்றது. “தெரியுதாடா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “தெரியுது நைனா” என்றேன். ஹெர்பேரியம் மேடம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

சரிவுக்குப் போனேன். காரைப் புதரின் மேல் சணல் நூல், நுனியில் இரண்டு கொம்புக் காய். குழிகள் பச்சைத் துணியைச் சுற்றி ஒதுங்கிப் போயிருந்தன. எந்த உத்தரவும் இல்லை. அக்காவின் ஆட்கள் ‘ஓகே ஆன மாலு’ எதையும் தொடவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு லீவு கிடைப்பது தையில். கொடி பூப்பது கார்த்திகையில், மலையில் எனக்கு வேலை அதிகமாக இருக்கிற மாதம். அடுத்த வருடமும் அப்படித்தான் ஆயிற்று. நான் வரும்போதெல்லாம் காய்தான்.

மூன்றாம் வருடக் கார்த்திகையில் அக்கா மிஸ்டு கால் கொடுக்கவில்லை, நேராகவே கூப்பிட்டார். “மூணு பூ தம்பி இந்த வாட்டி.” அதற்குள் நான் தம்பி ஆகிவிட்டிருந்தேன். “இன்னொண்ணும் சொல்லணும். குழி எடுக்க இனிமே நாங்க கெடயாதாம். ஜேசிபி வருதாம். அது பச்சையும் பாக்காது, செவப்பும் பாக்காது.”

சிக்னல் பாறைமேல் நின்றிருந்த நான் அப்படியே உட்கார்ந்தேன். இனிமேல் கொடிக்கு ஒரு பெயர் கிடைத்தால்தான் அந்தச் சரிவு தப்பும்.

“ஒண்ணு பறிக்கணும்க்கா. ஆஸ்பத்திரி ஸ்பிரிட் சின்ன பாட்டில்ல வாங்கி, அதுல போட்டு நைனாகிட்ட குடுத்துடு. அவர் மேடத்துகிட்ட சேர்த்துடுவாரு.”

“சரிப்பா. இங்கதான் நிக்கிறேன். பறிச்சுடட்டா?”

ஸ்பிரிட்டில் போட்டால் உருவம் நிற்கும். நிறம் ஒரே நாளில் வெளுத்துவிடும். மேடம் பெயரைச் சொல்லிவிடுவார், நானும் ஒரு நாள் பாட்டிலில் பார்ப்பேன், வெள்ளையாக.

“இரு அக்கா. பறிக்கறதுக்கு முன்னாடி நெறம் சொல்லு. கீழேர்ந்து மேல வரைக்கும், மெதுவா.”

செருப்பு சரளையில் உரசுகிற சத்தம் கேட்டது. அவர் குனிந்திருக்க வேண்டும், மூச்சு பக்கத்தில் வந்தது. “அடியில வந்து...” என்று ஆரம்பித்தார். அப்போது ஷிப்டு மாறுகிற சங்கு ஊதியது. போன் முழுக்க அதுதான்.

“இருப்பா” என்று சத்தத்துக்கு மேலே கத்தினார். “இது அடங்கட்டும், சொல்றேன்.”

நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பென்சிலோடு காத்திருந்தேன்.