சந்தனத்துக்கு அடியில்

மலைமேல் நாயுடுபுரத்தில் டாக்ஸி ஓட்டுகிறேன். போன வருடம் பின்சக்கரங்களுக்குப் புது ஷாக் அப்சார்பர் இரண்டு வாங்க மதுரைக்குப் போனேன். கடைக்காரர் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். பெட்டியைப் பிரித்து, அவரே இரண்டுக்கும் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, பழனியாண்டவர் படத்துக்கு முன் கற்பூரம் காட்டினார்.

ஒன்றை அமுக்கிப் பார்க்கக் கை நீட்டினேன். "சாமிக்கு வச்சதைச் சோதிக்கப்படாதுங்க. அப்படியே கொண்டுபோய் மாட்டுங்க" என்றார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வாங்கி வந்தேன்.

மாட்டிய மறுநாள் வத்தலக்குண்டிலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலையேறினேன். ஒரு வளைவில் குழியில் இறங்கிய வண்டி துள்ளித் துள்ளி, பின்புறம் பள்ளத்தாக்குப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் ஓரக்கல்லில் முட்டி நின்றது.

"எறக்கி விட்ருங்க, நாங்க நடந்தே போறோம்!" என்று பின்சீட்டு அம்மா பிள்ளையை அணைத்துக்கொண்டு அலறினார்.

இறங்கிப் பின்சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சந்தனம் நனைந்து சேறாக வழிந்தது. அதற்கடியில் கறுத்து நாறும் எண்ணெய். துடைத்தேன், புதுப் பெயிண்ட் உரிந்து பழைய துரு பல்லிளித்தது. ஒழுகும் இடத்தில் மட்டும் சந்தனம் ஏன் அத்தனை கனம் என்பது அப்போதுதான் உறைத்தது. சீ! களவாணித்தனத்துக்கு முருகனா கூட்டு?

இப்போது எந்தக் கடையில் ஷாக் அப்சார்பர் வாங்கினாலும் அங்கேயே நிமிர்த்திப் பிடித்து, நாலைந்து தரம் அமுக்கி இழுத்துப் பார்க்கிறேன். கெட்டியாக இல்லாமல் லேசாகப் போனாலோ, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். கடைக்காரர் சந்தனக் கிண்ணத்தை எடுத்தால், "முதல்ல துடைக்கத் துணி குடுங்க" என்கிறேன்.