இறுக்கமான சப்பாத்து

ஆஸ்பத்திரியில் தாதி வேலைக்காக நான் சப்பாத்து வாங்கிய அன்று, மன்னார்க் கடையில் அப்பாவும் மாமாவும் கூட நின்றார்கள். இருவரும் தலைமன்னாரில் மீன்பிடிப்பவர்கள். சப்பாத்துப் போட்டு வேலை செய்த ஒருவரும் எங்களோடு வரவில்லை.

“இறுக்கமா எடு தம்பி. தொளதொளத்தா மணலுக்கை கழண்டு போடும்,” என்றார் அப்பா. வெறுங்காலில் போட்டுப் பார்த்து, நெருக்கிய சோடியையே எடுத்தோம். காலுறைக்கும் இடம் வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

வேலையில் காலுறையும் சேர்ந்தபோது முதலில் விரல்கள் வலித்தன. பிறகு மரத்துப்போயின. பழகிவிட்டது என்று நினைத்தேன்.

ஒருநாள், இடுப்பில் சத்திரசிகிச்சை செய்திருந்த ஐயா ஒருவரைக் கட்டிலிலிருந்து கதிரைக்குத் தூக்கினேன். மரத்துப்போன என் கால் தரையில் பதிந்ததா என்பதே தெரியாமல் தடுமாறினேன். நல்லவேளை, இருவரும் கட்டிலிலேயே சரிந்தோம்.

“என்ன தம்பி, நீரும் படுக்கப்போறீரோ? இஞ்சை கட்டில் ஒண்டுதான் கிடக்கு,” என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தரையில் விழுந்திருந்தால் அவர் மறுபடி நடந்திருக்க மாட்டார்.

இப்போது வேலை முடிந்து கால் வீங்கியிருக்கும் நேரத்தில்தான், காலுறையோடு போய்ச் சப்பாத்து வாங்குகிறேன். உள்ளே விரல்களை அசைத்துப் பார்க்காமல் எடுப்பதில்லை. அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த முதல் சோடியோடு போனவை இரண்டு பெருவிரல் நகங்கள்.