வீடியோ காட்டிய விலாசம்

போன வருடம் தீபாவளி முடிந்த வாரம் நடந்தது இது. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். வீடு வாழப்பாடியில். காலையும் மாலையும் பஸ்தான். அன்று மருத்துவமனையில் இலவச முகாம். காலையிலிருந்து உட்காரவே நேரமில்லை. மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் அப்படியே தூங்கிப்போனேன்.

எப்படித் தூங்கினேன் என்பது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மருந்துப் பிரிவில் இருக்கும் பெண் தன் போனை நீட்டினாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. இது நீங்கதானே?"

முன் சீட்டில் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள். போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டுக்கு வாயசைக்கிறார்கள். அவர்கள் தலைகளுக்கு நடுவே, பின்னால், நான். வாய் திறந்திருக்கிறது. பஸ் வளையும்போதெல்லாம் என் தலை பக்கத்து அம்மாளின் தோளில் விழுகிறது, அவர் முழங்கையால் தள்ளிவிடுகிறார், மறுபடி விழுகிறது. அதை மட்டும் வெட்டி, தாளத்துக்குச் சரியாகத் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தார்கள். கீழே, "பாட்டு பிடிச்சவங்க லைக் பண்ணுங்க, அக்காவைப் பிடிச்சவங்க ஷேர் பண்ணுங்க" என்று எழுதியிருந்தது.

அக்காவைப் பிடித்தவர்கள் ஏராளமாக இருந்தார்கள். நான் குடித்திருக்கிறேன் என்று ஒருவர் எழுத, அதை ஆமோதித்துப் பலர் எழுதியிருந்தார்கள். காலையிலிருந்து நின்ற களைப்பு என்று அவர்களில் யாரிடம் போய்ச் சொல்வது? அந்த வாரம் ஒரு நோயாளியுடன் வந்த இளைஞர் தன் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து சிரித்துக்கொண்டார். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் வீடியோ வந்துவிட்டது. ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்க்கும் என் கணவர், "நாலு நாள்ல மறந்துருவாங்க, உடு" என்றார். வீடியோவில் ஆடியது அவர் தலை இல்லையே.

நீக்கச் சொல்லி அந்தக் கணக்குக்குச் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. சரி, நேரிலேயே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். கணக்கு அந்த இரண்டு பெண்களில் ஒருத்தியுடையது. அவள் உண்மையான பெயர் அதில் இல்லை. ஆனால் வீடியோக்கள் எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து கிடந்தன. எனக்கு இதிலெல்லாம் பழக்கம் கிடையாது. ஒரு மதிய சாப்பாட்டு இடைவேளையில், தயிர்சாதத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஒன்றில் சீருடையின் டையில் பள்ளியின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. ஒன்றில் புது ஸ்கூட்டருக்குப் பூஜை. வண்டி எண்ணும் தெரிந்தது, பின்சுவரில் தெருவின் பெயர்ப் பலகையும் தெரிந்தது. அயோத்தியாப்பட்டணம். ஒன்றில் நீல நிற கேட்டின் முன் நடனம். இன்னொன்றில் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டே, "அம்மா பட்டறையிலேர்ந்து ஏழு மணிக்குத்தான் வருவாங்க. அதுவரைக்கும் ஊட்டுல நம்ம ராஜ்ஜியம்தான்" என்று சிரித்தாள். சாதம் தீர்வதற்குள் எனக்கு விலாசம் கிடைத்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை மதியமே எனக்கு வேலை முடிந்தது. வழியில் அயோத்தியாப்பட்டணத்தில் இறங்கினேன். யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. பெயர்ப் பலகை, அப்புறம் நீல கேட். என்னென்ன கேட்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். எல்லாம் சூடான வார்த்தைகள்.

மணியை அடித்ததும் கதவு உடனே திறந்தது. உள்ளிருந்து யார் என்றுகூடக் கேட்கவில்லை. பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கும் பெண். கையில் போன்.

"யாருங்க? அம்மா இல்லீங்களே. ஏழு மணிக்கு மேலதான் வருவாங்க. நான் மட்டுந்தான் இருக்கேன்."

நான் கேட்காமலே இவ்வளவும் சொல்லிவிட்டாள். என் வரிசையில் இருந்த முதல் வார்த்தை வாயில் வரவில்லை.

"என்னைத் தெரியுதா?" என்றேன்.

நன்றாகப் பார்த்தாள். "இல்லீங்க ஆன்ட்டி. சீட்டுப் பணத்துக்கு வந்தீங்களா?"

அவளுக்கு என்னை உண்மையிலேயே தெரியவில்லை. ஊரெல்லாம் சிரித்த முகத்தை, அதைப் போட்டவள் சரியாகப் பார்த்திருக்கவேயில்லை. போனை எடுத்து வீடியோவைக் காட்டினேன். வீடியோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"சாரி ஆன்ட்டி. இப்பவே டெலிட் பண்ணிடறேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க." என் கண்ணெதிரிலேயே நீக்கினாள். வந்த வேலை வாசலிலேயே முடிந்துவிட்டது. நான் திரும்பியிருக்கலாம். அப்போதுதான் அவள் கேட்டாள், "எங்க ஊடு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"நீதான் சொன்ன."

அவளுக்குப் புரியவில்லை. டை, ஸ்கூட்டர், நீல கேட், நூடுல்ஸ் என்று நான் பார்த்த வரிசையிலேயே காட்டினேன். நாலாவதற்கு வருவதற்குள் அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் மிரட்டுவதாக நினைத்துப் பயப்படுகிறாள் என்று எண்ணினேன். அவள் நினைத்தது வேறு யாரையோ.

தெரியாத கணக்கு ஒன்றிலிருந்து அவளுக்குச் செய்தி வந்துகொண்டிருந்தது. முதலில் நடனத்தைப் பாராட்டி வந்தது. பிறகு, "இன்னிக்குப் பச்சை சுடிதார் நல்லா இருந்துச்சு" என்று வந்தது. அன்று அவள் எந்தப் படமும் போடவில்லை. தோழிகள் யாரோ விளையாடுகிறார்கள் என்று விட்டுவிட்டாள். முந்தின நாள் வந்த செய்தியை எனக்குக் காட்டினாள். "நாளைக்கு லீவுதானே. அம்மா பட்டறைக்குப் போயிருவாங்களா?"

இந்தச் செய்தி வந்த பிறகும் அவள் கதவைத் திறந்திருக்கிறாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அவளிடமே எண் வாங்கி அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

அம்மா வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்பவர். வேலை உடுப்போடு ஓடி வந்தார். "ஏனுங்க, நீங்க யாருங்க? என் புள்ளைக்கு என்னாச்சு?" என்று முதலில் என்னிடம்தான் பாய்ந்தார். விஷயத்தைச் சொன்னதும் கோபம் மகள் பக்கம் திரும்பியது. "குடு அந்தப் போனை. இன்னியோட உனக்குப் போனும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

பெண் அழுதுகொண்டே சொன்னாள். "இப்படிப் புடுங்கிருவீங்கன்னுதாம்மா நான் சொல்லவேயில்ல."

நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "சரி, புடுங்கல. இங்க வந்து உக்காரு. என்னென்ன போட்டிருக்கன்னு காட்டு" என்றார்.

மூன்று பேரும் அந்தப் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். முதல் வேலையாக, தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி கணக்கைப் பூட்டினாள். டையும் ஸ்கூட்டரும் நூடுல்ஸும் போயின. பயத்தில் அந்த ஆளின் செய்திகளையும் அழிக்கப் போனவளை நான் தடுத்தேன்; போலீஸில் காட்ட அதுதான் வேண்டும். நீல கேட் நடனத்தை அவளே நீக்கப் போனபோது அம்மா அவள் கையைப் பிடித்தார். "இதை ஒரேயடியா அழிக்காத, உனக்கு மட்டும் வெச்சுக்க. நல்லா ஆடியிருக்கியே. கேட்டு தெரியாம மாடியில இன்னொருக்கா ஆடு, நானே புடிச்சுத் தாரேன்." அன்று அந்தப் பெண் சிரித்தது அப்போது ஒருமுறைதான்.

அன்று மாலையே மூவரும் மகளிர் காவல் நிலையம் போனோம். கொஞ்ச நாளில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கள் பஸ்ஸில் தினமும் வருகிறவர். மரியாதையான ஆள் என்று பெயர் எடுத்தவர், கூட்டமான நாட்களில் எனக்கே எழுந்து இடம் கொடுத்திருக்கிறார். வீட்டைக் கண்டுபிடிக்க அவர் செய்ததெல்லாம், நான் அந்த மதிய இடைவேளையில் செய்ததுதான். அதே வீடியோக்களைப் பார்த்திருக்கிறார், அதே பலகையைப் படித்திருக்கிறார்.

என் வீடியோ முழுதாக அழியவில்லை. அதற்குள் யார் யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். இப்போதும் எங்கிருந்தாவது ஒருமுறை வந்து சேர்கிறது. அந்தப் பெண்ணும் பார்த்தால் உடனே எனக்குச் சொல்கிறாள், நீக்கச் சொல்லி அவளே எழுதுகிறாள். சிலர் நீக்குகிறார்கள், சிலர் நீக்குவதில்லை. கோபம் எனக்கு எப்போதோ போய்விட்டது.

ஆனால் பஸ்ஸிலோ கோயிலிலோ பிள்ளைகள் போனை உயர்த்திப் படம் எடுப்பதைப் பார்க்கும்போது, அன்று அந்த மணியை முதலில் அடித்தது நானாக இருந்தது வெறும் தற்செயல்தான் என்ற நினைப்பு மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.