நான் போட்ட டிக்

அன்று காலை அடையாறு கிளினிக்கில் அறைக்குள் நான்கு பேர் இருந்தோம். டாக்டர் மேடம், ரோஸி, அவளைத் தன் மகனுக்குப் பேசி முடித்திருந்த லூர்து ஆன்ட்டி, மருந்து ஆலோசகனான நான். ரோஸியின் அம்மா மேரி அக்கா வரவில்லை. அந்த நேரத்தில் அவர் மயிலாப்பூரில் மீன் விற்றுக்கொண்டிருப்பார்.

ரோஸியின் எடை தொண்ணூற்று நான்கு கிலோ. சர்க்கரையும் எல்லைக்கு வந்திருந்தது. எடை குறைக்கும் வார ஊசி பொருந்தும் என்றுதான் மேடமும் நினைத்தார். அதற்கு முன் ஃபாரம் நிரப்புவது என் வேலை. கணையத்தில் வீக்கம் வந்ததுண்டா, கல்யாணத்துக்குப் பிறகு குழந்தை எப்போது என்று கேட்டுக்கொண்டே வந்து, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு கேன்சர் உண்டா என்றேன். ரோஸி ஆன்ட்டியை ஒரு முறை பார்த்துவிட்டு, இல்லை என்றாள். டிக் அடித்தேன்.

அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். பத்து வயதிலிருந்து வீட்டின் எல்லா ஃபாரமும் என் கையெழுத்துதான். "எது கேட்டாலும் இல்லைன்னு போடு நைனா. இருக்குன்னா அலைய வுடுவாங்க" என்பார் அப்பா. அப்படிப் போட்டுப் பழகியவனே ஏமாந்தேன்.

இரண்டு ஊசி போட்ட பிறகு, நான் கேட்ட கேள்வியை ரோஸி வீட்டில் சொல்லக் கேட்டு, மேரி அக்கா தனியாக வந்தார். முந்தானையை விலக்கிக் கழுத்துத் தழும்பைக் காட்டினார்.

"இங்க கட்டி எடுத்தாங்க சார். மாப்ள வூட்டுக்குத் தெரியாது. நான்தான் சொல்லாதன்னேன்."

பழைய ஃபைலை மேடம் படித்தார். தைராய்டு கேன்சர்தான், அதிலும் குடும்பத்தில் தொடரக்கூடிய வகை. அப்படி இருந்தால் இந்த ஊசியே கூடாது. அன்றே நிறுத்தினோம். ரோஸிக்கும் டெஸ்ட் எழுதினார். நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று ரோஸியிடம் சொன்னேன். மறுநாள் அவளே ஆன்ட்டியை அழைத்து வந்தாள்.

"ஊசிய ஏன் நிறுத்திட்டன்னு இவங்க கேட்டுக்கினே கீறாங்க. நீங்களே சொல்லுங்க சார். நான் இங்கயே குந்தினு கீறேன்."

சொன்னேன். ஆன்ட்டி சத்தம் போடவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"பொறக்கப் போற புள்ளைங்களுக்கும் வருமா?"

டெஸ்ட் வந்தால்தான் தெரியும் என்றேன். அவர் அதுவரை காத்திருக்கவில்லை. ரோஸிக்கு எதுவும் இல்லை என்று ரிசல்ட் வந்தபோது, கல்யாணம் நின்று ஒன்பது நாள் ஆகியிருந்தது.

இப்போது கூட வந்தவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் ஃபாரத்தைத் திறக்கிறேன். கேன்சர் என்று ஆரம்பிப்பதில்லை. வீட்டில் யாருக்காவது கழுத்தில் ஆபரேஷன் நடந்ததா என்று கேட்கிறேன். இல்லை என்றால், கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்கிறேன்.

ஊசி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகள், திரும்பி வராத மண்டப அட்வான்ஸ். மேரி அக்கா வீட்டுக்கு ஆனது எண்பத்து மூன்றாயிரம் ரூபாய்.