பொய்ப் பச்சை

கீழே மிளகாய் வத்தல் மூட்டையைப் புரட்டினால் மேலே எங்கள் ஆபீஸில் எல்லோரும் தும்முவோம். விருதுநகரில் ஒரு வத்தல் கமிஷன் கடை மாடியில்தான் என் முதல் வேலை. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் இருமல். கண்ணைக் கசக்கிக்கொண்டே டெஸ்ட் ஓட்டுவேன்...

பட்டாசுக் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிற சின்ன ஆபீஸ் அது. முதலாளி அண்ணாச்சி, கோட் எழுத முத்துராஜ், அதில் குறை கண்டுபிடிக்க நான். குறை சொல்வதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்களே என்று சேர்ந்த புதிதில் எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்த வருஷம் ஆமத்தூர் பக்கம் ஒரு ஃபேக்டரிக்கு குடோன் கணக்கு புரோகிராம். ஒரு குடோனில் இவ்வளவு சரக்குதான் வைக்கலாம் என்று லைசென்ஸில் ஓர் அளவு இருக்கும். அதைத் தாண்டி ஒரு பெட்டி வந்தாலும் புரோகிராம் மறிக்க வேண்டும். மறிக்காமல் விட்டு, ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எனக்குக் கூடுதலாக ஒன்று... அந்தக் குடோனுக்கு ஆகப் பக்கத்தில் இருந்த பேக்கிங் ரூமில்தான் அம்மா வேலை பார்த்தாள்.

தீபாவளி சீசன் உச்சம். புரோகிராமை அன்றைக்கே ஃபேக்டரிக்குக் கொண்டுபோய்ப் போட்டாக வேண்டும். பில் மெதுவாக வருகிறது என்று டெமோ பார்த்தவர்கள் முணுமுணுத்ததால், காலையில்தான் முத்துராஜ் எதையோ மாற்றி வேகமாக்கியிருந்தான். அவனுடைய லேப்டாப் லினக்ஸ். அந்த மாற்றமோ ஃபேக்டரி பிரிண்டருக்கானது, விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதனால் ஆபீஸில் இருந்த ஒரே விண்டோஸ் மெஷினில் டெஸ்ட்டை ஓட்டினேன்.

எல்லாம் பச்சை, அதாவது பாஸ். அண்ணாச்சி பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டிவிட்டார்.

நான் கொஞ்சம் சந்தேகப் பிராணி. பச்சை வந்தால் எனக்கு நிம்மதி வராது, அரிப்புதான் வரும். அளவு தாண்டினால் மறிக்கிற அந்த வரியையே கோடில் இருந்து எடுத்துவிட்டு, மறுபடி ஓட்டினேன். இப்போது சிவப்பு வந்தே தீர வேண்டும்...

பச்சை.

மறிக்கிற வரியே இல்லை, பின்னே மறித்தது யார்?

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் நில்லுங்க. இந்தப் பச்சைய நம்ப முடியாது."

"ஏம்மா, பச்ச வராட்டியும் போகக்கூடாதுங்கிற, வந்தாலும் போகக்கூடாதுங்கிற. அங்கன மேனேஜர் காத்துக்கிட்டு இருக்காக!"

முத்துராஜ் டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். எதுவும் ஓடக் கூடாத நேரத்தில் எங்கள் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏ செல்வி... இது நேத்துக் கெளம்புனதாச்சே!"

விஷயம் இதுதான். டெஸ்ட் ஃப்ரேம்வொர்க் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் புரோகிராமைக் கிளப்பும், முடிந்ததும் நிறுத்தும். லினக்ஸில் ஒழுங்காக நிறுத்தியது. விண்டோஸில் தாய் ப்ராசஸை மட்டும் நிறுத்திவிட்டு, அது கிளப்பிய பிள்ளையை அப்படியே விட்டுவிட்டது. நேற்றைய பிள்ளை போர்ட் என்கிற வாசலைப் பிடித்து உட்கார்ந்திருக்க, இன்றைய புரோகிராம் இடமில்லாமல் சத்தம் காட்டாமல் செத்துப்போனது. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது நேற்றையது. காலையில் செய்த மாற்றத்தை யாரும் சோதிக்கவே இல்லை.

"ரீஸ்டார்ட் பண்ணிட்டு ஓட்டுவமா?" என்றான் முத்துராஜ்.

"மொத டெஸ்ட்டுக்குச் சரி. அந்தப் பிள்ளையும் சாகாம நிக்கும், அதுல ஏத்துன சரக்கு அடுத்த டெஸ்ட்லயும் கணக்குல நிக்குமே. பெறகு எதை நம்புறது?"

"நாளைக்குப் பாத்துக்கலாம்மா. இன்னிக்குப் போட்டுட்டு வந்துருறேன்" என்று அண்ணாச்சி படியில் இறங்கப் போனார்.

"எங்கம்மா அந்தக் குடோனுக்குப் பக்கத்து ரூம்லதான் பேக்கிங் பாக்குது, அண்ணாச்சி!"

கத்திவிட்டேன். அவருக்கு அதுவரை இது தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அம்மாவின் குரலையாவது கேட்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஃபேக்டரி கேட்டிலேயே ஃபோனை வாங்கி வைத்துவிடுவார்கள்.

முடித்த சரக்கு வெளியே போகாமல் அடுத்த வேலை உள்ளே வரக் கூடாது... பேக்கிங் ரூமில் அம்மா தினம் பார்க்கிற முறை அது. அதையேதான் எழுதினோம். விண்டோஸாக இருந்தால் மட்டும், டெஸ்ட் முடிந்ததும் தாயைப் பிள்ளையோடு சேர்த்து நிறுத்து, போர்ட் காலியா என்று பார், காலியானால் அடுத்ததை விடு. நான் தப்புத் தப்பாக டைப் அடிக்க, முத்துராஜ் திருத்திக்கொண்டே வந்தான்.

நேற்றையதை நிறுத்தி, எடுத்த வரியைத் திரும்ப வைத்துவிட்டு ஓட்டினோம்.

சிவப்பு. வேகமாக்கிய புரோகிராம், பில் சீக்கிரம் வர அந்த மறிக்கிற வரியைத் தொடாமலே தாண்டிப் போய், அளவு தாண்டிய பெட்டியை மறிக்காமல் உள்ளே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தது. முத்துராஜ் முகம் சுண்டிப்போனது. யாரும் யாரையும் திட்டவில்லை. அண்ணாச்சி மேனேஜருக்கு ஃபோன் போட்டு, எங்கள் எல்லோருக்கும் சேர்த்துத் திட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் திருத்திக் கொண்டுபோய்ப் போட்டோம். அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், கம்பெனி வேனில் இருந்து இறங்கி அம்மா வீட்டுக்குள் வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"எந்தக் கட்டையில போறவன் அந்தக் கம்ப்யூட்டரக் கொண்டாந்து வச்சானோ! குடோன் நெறஞ்சிருச்சாம், அது விடமாட்டேங்குதாம். பெட்டிய எடுக்க மாட்டேங்காக. பாதி நாளு கையக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டு வாறோம்."

கட்டையில் போகிறவள் நான்தான் என்று சொல்லவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். அவள் திட்டத் திட்ட எனக்குள் அப்படி ஒரு சந்தோஷம்... அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இப்போது சென்னையில் பெரிய கம்பெனி. அம்மா வேலையை விட்டுவிட்டு என்னோடு இருக்கிறாள். அந்த ஃப்ரேம்வொர்க்கை எழுதியவர்களே அந்தக் குறையைச் சரி செய்து ரொம்ப நாளாகிவிட்டது. இப்போதெல்லாம் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் எங்கோ ஒரு மெஷின் புதிதாக முளைக்கிறது, முடிந்ததும் சுவடில்லாமல் மறைகிறது. பச்சை வந்ததும் குரூப்பில் கைதட்டுகிற பொம்மையைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறோம்.

நான் சோதித்து அனுப்புவது எந்த ஊருக்குப் போகிறது, யார் கையில் ஓடுகிறது... எதுவும் எனக்குத் தெரிவதில்லை. அந்தப் பக்கம் யாரோ ஒருத்தியின் அம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.